தம்புராவின் ஜீவாளி கேட்கிறதா?

ஆப்பிள் நிறுவனம் 2016 செப்டம்பரில் ஐபோன் 7-ஐ வெளியிட்டபோது, அதில் ஹெட்போன் செருகும் துளையே இல்லை. பழைய ஹெட்போன் வைத்திருப்பவர்களைச் சமாதானப்படுத்த, பெட்டிக்குள்ளேயே விரல் நீளத்தில் ஒரு வெள்ளை வயரைப் போட்டுக் கொடுத்தார்கள். தனியாக வாங்கினால் அப்போது 9 டாலர். பார்த்தவர்கள் பலரும் அதைச் சாதாரண இணைப்பு வயர் என்றே எண்ணினார்கள். உண்மையில் அதன் முனைக்குள் மிகச் சிறிய சிப் ஒன்று உட்கார்ந்திருந்தது. போனிலிருந்து எண்களாக வரும் பாட்டை வாங்கி, மின்னலையாக மாற்றி, ஹெட்போனை இயக்கும் அளவுக்கு வலுவும் கொடுத்து அனுப்புகிற சிப் அது. டிஜிட்டல்-டு-அனலாக் கன்வெர்ட்டர் என்பது அதன் முழுப்பெயர். இசைப் பிரியர்கள் சுருக்கமாக ‘டாக்’ என்பார்கள்.

பெயரைக் கேட்டதும் பணக்காரர் வீட்டுச் சாமான் என்று தோன்றலாம். ஆனால் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் நாலைந்து டாக் ஏற்கெனவே இருக்கிறது. டி.வி.க்குள் ஒன்று, லேப்டாப்புக்குள் ஒன்று, புளூடூத் இயர்பட்ஸுக்குள்ளும் உண்டு. டிஜிட்டல் வடிவில் இருக்கும் எந்தப் பாட்டும் டாக் வழியாகத்தான் காதுக்கு வந்தாக வேண்டும். அப்படியிருக்க, தனியாக ஒன்று வாங்கினால் பாட்டு எவ்வளவு மாறும்? அதே பணத்தை நல்ல ஹெட்போனில் போட்டால் என்ன கிடைக்கும்? கையில் நாலாயிரம் ஐயாயிரம் வைத்துக்கொண்டு யோசிக்கும் இசை ரசிகர் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1982-ல் சி.டி.யைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது ஒரு கணக்கு வகுத்தார்கள். ஒரு நொடி ஒலியை 44,100 இடங்களில் அளப்பது. ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்துவைப்பது. 44,100 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. மனிதக் காதுக்கு எட்டும் உச்சம் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அந்த உச்சம் இறங்கிக்கொண்டே வரும். ஓர் ஒலியைச் சேதாரமில்லாமல் மீட்க வேண்டுமானால், அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளவெடுக்க வேண்டும். 1928-ல் ஹாரி நைக்விஸ்ட் தொடங்கிவைத்த இந்தச் சிந்தனையை 1949-ல் கிளாட் ஷானன் கணிதமாக நிறுவினார். இருபதாயிரத்துக்கு இரு மடங்கு நாற்பதாயிரம். கொஞ்சம் இடம் விட்டு 44,100.

இங்கே பலருக்கு ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. புள்ளி புள்ளியாக அளந்த ஒலி, திரும்ப வரும்போதும் படிக்கட்டு போலத்தானே வரும், இடையில் இருப்பது போய்விடுமே என்று கேட்பார்கள். போகாது. டாக்கின் கடைசிக் கட்டத்தில் உள்ள வடிகட்டி அந்தப் புள்ளிகளின் வழியே வழவழவென்று ஒரே அலையை வரைந்துவிடும். காது கேட்கும் எல்லைக்குள் அப்படி ஓர் அலைதான் சாத்தியம் என்பது ஷானன் காட்டிய கணக்கு. ஐம்பது ஆண்டுக்கு முன் இதைச் சரிவரச் செய்யும் கருவிக்குப் பெரிய பெட்டி தேவைப்பட்டது. இன்று விரல் நீள வயருக்குள் அடங்கிவிட்டது. ஒழுங்காகச் செய்த இரண்டு டாக்குகளை ஒரே ஒலியளவில் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டால், எது எதுவென்று சொல்வது மிகக் கடினம்.

அப்படியானால் தனி டாக் வீண் செலவா? எல்லோருக்கும் அல்ல. சில லேப்டாப்புகளில் இயர்போனைச் செருகிப் பாட்டு எதுவும் போடாமல் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு மவுஸை அசைத்துப் பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் அதற்கு நடுவே மெல்லிய ‘கிர்ர்’ ஒலியும் கேட்கும். ஆடியோ சர்க்யூட் மற்ற சிப்புகளுக்கு அருகிலேயே நெருக்கமாக இருப்பதால் வரும் கோளாறு இது. யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய டாக் ஒன்றை வாங்கினால், மாற்றும் வேலை லேப்டாப்புக்கு வெளியே போய்விடும். பெரும்பாலும் இரைச்சலும் போய்விடும். இன்னொரு காரணம் வலு. சில ஹெட்போன்களுக்குப் போன் தரும் மின்னழுத்தம் பற்றாது. அவற்றுக்கு டாக்கும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி தேவைப்படும்.

அப்படிப்பட்ட ஹெட்போன்களில் பேர்போன ஒன்று சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 600. 1997-ல் வந்தது. இந்தத் தொழிலில் ஒரு மாடல் நாலைந்து ஆண்டு தாக்குப்பிடித்தாலே பெரிது. இதுவோ கால் நூற்றாண்டு கடந்தும் விற்பனையில் இருக்கிறது. எடை 260 கிராம், மின்தடை 300 ஓம். ஒலியில் எதையும் கூட்டாமல் குறைக்காமல் தருவதற்குப் பெயர் எடுத்ததால், புதிதாக வரும் ஹெட்போன்களை இன்றும் இதோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள். இயர்பேட், வயர், தலைப்பட்டை என்று எது தேய்ந்தாலும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய இரண்டாம் வருஷமே பேட்டரி போய்க் குப்பைக்குச் செல்லும் இயர்பட்ஸ் காலத்தில் இந்த ஒரு குணத்துக்காகவே இதைக் கொண்டாடலாம்.

இதன் காதுமூடிகளின் வெளிப்புறம் மூடியிருக்காது, உலோக வலைதான். உள்ளே ஒலிப்பது வெளியே கேட்கும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். திறந்தவகை ஹெட்போன் எனப்படும் இந்த அமைப்பை 1968-ல் எச்.டி. 414 மூலம் பரப்பியதும் சென்ஹைசர்தான். மஞ்சள் பஞ்சு வைத்த மெலிந்த ஹெட்போன் அது. அதற்கு முன் ஹெட்போன் என்றால் காதை இறுக்கி அடைக்கும் கனத்த சாமான். ஒலி பின்பக்கமாகவும் வெளியேற வழி விட்டதும், அடைத்த அறைக்குள் கேட்பது போன்ற உணர்வு குறைந்தது.

ஹெட்போனின் பிறப்பு இன்னும் பழையது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் 1910 வாக்கில் தன் வீட்டுச் சமையலறையில் செய்து கடற்படைக்கு விற்றார். கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய ஒலியைக் கேட்பதற்கு உதவிய கருவி அது. பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இசையை ஸ்டீரியோவில் கேட்பதற்கென்று ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ். 1958-ல் அவர் விற்க நினைத்தது கையடக்க ரெக்கார்ட் பிளேயரை. துணைக்கு வைத்த ஹெட்போனைத்தான் ஜனங்கள் வரிசையில் நின்று மாட்டிப் பார்த்தார்கள். 1979 ஜூலையில் சோனியின் வாக்மேன் வந்ததும் ஹெட்போன் தெருவில் இறங்கிவிட்டது.

நல்ல ஹெட்போனில் என்னதான் கூடுதலாகக் கேட்கும்? மிருதங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். கச்சேரிக்கு முன் வித்வான் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் ரவைப் பசையை அப்பி, சின்னத் தட்டுகளால் சோதித்துப் பார்ப்பார். அந்தப் பக்கத்துக் கனத்த நாதம் அந்தப் பசையால் வருகிறது. மணிக்கட்டை அழுத்தி அவர் எழுப்பும் கும்கி, ஸ்வரம் போல வளைந்து ஏறும். போனின் ஸ்பீக்கர் விரல் நகத்தைவிடக் கொஞ்சமே பெரியது. இத்தனை தாழ்ந்த ஸ்தாயி ஒலியை அதனால் எழுப்பவே முடியாது. அதில் கேட்பவருக்கு வலப்பக்கமான வலந்தலையின் ‘டிங் டிங்’ மட்டும் மிஞ்சும். அதாவது, வித்வானின் ஒரு கை வேலையை மட்டுமே கேட்டுவிட்டுப் பாட்டு முடிந்தது என்று எழுந்து போகிறோம்.

தம்புரா இன்னும் நுட்பம். தந்திக்கும் குதிரைக்கும் இடையில் ஜீவாளி என்ற சின்ன நூலைச் செருகுவார்கள். நூல் சரியான இடத்தில் நின்றதும், தந்தி குதிரையைத் தொட்டும் தொடாமலும் உரசி, ஒரே மீட்டில் அடுக்கடுக்காக மேல் ஸ்வரங்களை எழுப்பும். தரம் குறைந்த இயர்போனில் இது வெறும் ‘ங்ங்’ என்ற இரைச்சல். நல்ல ஹெட்போனில் அந்த ஒலி மலர்ந்து விரிந்து அடங்குவதும், அடங்குமுன் அடுத்த தந்தி வந்து சேர்வதும் தெரியும். பாடகர் மூச்சு வாங்கும் இடமும், வயலின் வில் திரும்பும் இடமும் கேட்கும்.

சினிமாப் பாட்டும் அப்படித்தான். இளையராஜா இசையில் ‘ப்ரியா’ படப்பாடல்கள் 1978-லேயே ஸ்டீரியோவில் பதிவாயின. ‘ரெட்டை வால் குருவி’யின் (1987) ராஜராஜ சோழன் பாட்டில் ஏசுதாஸின் குரலுக்கு அடியில் பேஸ் கிடார் தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகும். டீக்கடை ரேடியோவிலும் போன் ஸ்பீக்கரிலும் மட்டும் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள், அந்தக் கிடாரை ஹெட்போனில் முதல்முறை கேட்கும்போது அதிசயிப்பார்கள். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவாகி 2005-ல் வெளிவந்த ‘திருவாசகம்’ இன்னொரு நல்ல சோதனை. கூட்டுக்குரலும் வயலின் வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் குரல் வேறு, வில் வேறு என்று பிரித்துக் காட்டினால் அது நல்ல ஹெட்போன்.

விலையைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு 2017-ல் கட்டுரை வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பது அவர் கண்ட முடிவு. சென்ஹைசரே கராரா சலவைக்கல்லில் பீடம் வைத்து ஏறத்தாழ 50,000 யூரோ விலையில் எச்.இ. 1 என்ற ஹெட்போனை 2015-ல் அறிமுகப்படுத்தியது. மறுபக்கம், சீனாவின் மூன்டிராப் நிறுவனம் 2022-ல் ‘சூ’ என்ற காதுக்குள் பொருத்தும் இயர்போனை 20 டாலர் அளவில் விற்று ரசிகர்களை ஆச்சரியப்படுத்தியது. சாதாரண ரசிகர் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது செய்தியை.

டாக் பெட்டியில் அச்சிட்ட எண்களும் அப்படியே. ‘192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்’ என்று சி.டி.யின் கணக்கை மிஞ்சும் முத்திரையைப் பார்த்ததும் கை பர்ஸுக்குப் போகும். பாஸ்டனில் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தரப் பதிவுகளை நேராகவும், நடுவில் சி.டி. தரத்துக்கு இறக்கியும், எது எதுவென்று சொல்லாமல் ஒலிக்கவிட்டுக் கேட்கச் சொன்னார்கள். 2007-ல் வெளியான முடிவின்படி 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னது 49.8 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் அதுதான் வந்திருக்கும். 2016-ல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்த விகிதம் 52.3 ஆனது, பயிற்சி பெற்ற காதுகளுக்கு அதைவிட நன்றாகவே கூடுதல். வித்தியாசம் இருக்கலாம். அதற்காகக் கடன் வாங்கும் அளவுக்கு அது பெரியதல்ல.

பதிவின் தரம் அப்படியல்ல, நன்றாகவே கேட்கும். சி.டி.யில் நொடிக்கு 1,411 கிலோபிட் ஓடுகிறது. 128 கிலோபிட் எம்.பி.3 அதில் பதினொன்றில் ஒரு பங்கு. எம்.பி.3-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், தன் சுருக்கும் முறையைச் சோதிக்க சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். பக்கவாத்தியமே இல்லாத அந்த ஒற்றைக் குரலில் சிறு பிசிறும் பளிச்சென்று தெரிந்துவிடும். யாரோ தேய்ந்த கேசட்டிலிருந்து இணையத்தில் ஏற்றிய பழைய பாட்டை எவ்வளவு விலையுள்ள டாக்கில் போட்டாலும் தேய்ந்தது தேய்ந்ததுதான். நல்ல ஹெட்போன் அந்தக் குறையை இன்னும் தெளிவாகக் காட்டும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நல்ல பதிவு, சி.டி.யோ, தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்போ. அடுத்து ஹெட்போன், பணத்தில் பெரும்பங்கு இதற்கே. இரைச்சல் கேட்டாலோ ஒலி பற்றாவிட்டாலோ மட்டும் டாக். கடையில் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலியளவில் வைக்கச் சொல்லுங்கள். சற்றே சத்தமாக ஒலிப்பது எப்போதும் மேலானதாகவே தோன்றும். தலையில் அரைமணி நேரமாவது மாட்டிப் பாருங்கள். கண்ணாடி போடுபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வீட்டின் அமைதியான அறைக்குத் திறந்தவகை, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மூடியவகை அல்லது காதை அடைக்கும் இயர்போன்.

இந்தக் கடைசி விஷயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிச்சத்தம் உள்ளே வந்தால் கை தானாகவே ஒலியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபலில் கேட்கலாம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும்: 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி, 89-ல் வெறும் 5 மணி. இழந்த செவித்திறனை எந்தக் கருவியாலும் பழையபடி மீட்டுத் தர முடியாது. அடுத்த முறை ஹெட்போனை மாட்டியதும் வழக்கமான ஒலியிலிருந்து இரண்டு படி இறக்கி வையுங்கள். சிறிது நேரத்தில் காது அந்த அளவுக்குப் பழகிவிடும்.