மரப்பட்டையில் மின்னும் கோடுகள்

ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னெம் லேண்ட் என்ற பழங்குடி நிலப்பகுதி இருக்கிறது. குனிஞ்கு மொழி பேசும் அங்குள்ள மக்களிடையே 1952-இல் பிறந்தவர் ஓவியர் ஜான் மவுர்ண்ஜுல். யூகலிப்டஸ் மரப்பட்டைதான் அவருக்குத் திரைச்சீலை.

பட்டை உரிக்க மழைக்காலமே ஏற்றது. மரத்தில் சாறு ஓடும் அந்த நாட்களில் பட்டை எளிதில் கழன்றுவரும். அடிமரத்தில் மேலும் கீழும் கோடரியால் சுற்றி வெட்டி, நெடுக ஒரு கீறல் போட்டு நெம்பினால் முழுசாக உரியும். வெளிப்புற நாரைச் சீவி, நெருப்பில் வாட்டி, பாரம் ஏற்றித் தட்டையாக்குகிறார்கள். வழவழப்பான உட்புறத்தில்தான் ஓவியம்.

நிறங்களும் நிலம் தருபவையே. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிக்கல், வெள்ளைக்குக் களிமண், கறுப்புக்குக் கரி. கல்லில் நீர்விட்டு உரைத்துக் குழைப்பார்கள். நிறம் உதிராமலிருக்க முன்பு ஆர்க்கிட் தண்டின் சாற்றைச் சேர்த்தார்கள். பின்னாளில் மரவேலைப் பசை வந்தது.

தூரிகை ஒரு கோரைத்தண்டு. அதன் நுனியில் நீண்ட இழைகள் சில மட்டும் நிற்கும். நிறத்தில் தோய்த்து, பட்டைமேல் கிடத்தி மெல்ல இழுத்தால் மயிரிழை போன்ற கோடு விழும். பக்கத்தில் இன்னொன்று, குறுக்கே வேறொரு நிறத்தில் மற்றொன்று. இந்தப் பின்னலுக்கு ‘ரார்க்’ என்று பெயர். மார்டாயின் என்னும் சடங்கில் உடலில் தீட்டப்படும் வடிவங்களிலிருந்து வந்தது இது. நெருங்கிய கோடுகள் கண்ணுக்கு மினுங்கித் தெரியும். மூதாதையரின் ஆற்றல் அந்த மினுக்கத்தில் இருப்பதாக அம்மக்கள் கருதுகிறார்கள்.

அண்ணன் ஜிம்மி நிஜிமின்யுமாவிடமும் உறவினர் பீட்டர் மரல்வாங்காவிடமும் மவுர்ண்ஜுல் தொழில் கற்றார். தொடக்கத்தில் ஙல்யோட் என்னும் வானவில் பாம்பின் உடலையும் விலங்குகளின் உடலையும் ரார்க்கால் நிரப்பினார். நாளடைவில் உருவங்கள் விலக, கோடுகளே பட்டை முழுதும் பரவின. பார்ப்பவருக்கு அது வெறும் கோலமாகத் தெரியலாம். அவருக்கோ தம் குலத்தின் நீர்நிலைகளும் புனித இடங்களும் அவை. சடங்கின் உட்பொருளை அவர் வெளியே சொன்னதில்லை.

2006-இல் திறக்கப்பட்ட பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் ஒரு தூணுக்கு அவரே ரார்க் தீட்டினார். 2024-இல் மறைந்தார்.

மரபைக் காப்பதென்றால் பழையதை அப்படியே படியெடுப்பது என்று நினைப்பவர்கள் இவர் ஓவியங்களை அவசியம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆண்களிடமே இருந்த ரார்க்கைத் தம் மனைவிக்கும் மகளுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். கோரைத்தண்டையும் காவிக்கல்லையும் விடாமலே ஒரு கலையை இவ்வளவு தூரம் நகர்த்த முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.