துறைமுகத்தின் பசுமைக் கணக்கு

கடன் கோரி வருவோரின் நிதிநிலை அறிக்கையைப் புரட்டும்போது, இலாபத் தொகைக்கு முன்னர் அடிக்குறிப்புகளைப் படிப்பது வங்கியாளர்களின் வழக்கம். நம் நாட்டுத் துறைமுகங்கள் வெளியிடும் 'பசுமை' எண்களையும் அவ்வாறே படிக்க வேண்டியுள்ளது.

2023 மே மாதம் மத்திய அரசின் துறைமுக அமைச்சகம், 'ஹரித் சாகர்' என்னும் பசுமைத் துறைமுக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கையாளப்படும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் வெளியாகும் கரியமில வாயுவை 2030-க்குள் 30 விழுக்காடும், 2047-க்குள் 70 விழுக்காடும் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. நல்ல இலக்குதான். ஆயினும் 'ஒவ்வொரு டன்னுக்கும்' என்னும் சொல் கவனத்திற்குரியது.

எடுத்துக்காட்டாக, ஒரு துறைமுகம் ஆண்டுக்கு 5 கோடி டன் சரக்கைக் கையாள்வதாகவும், டன்னுக்கு 2 கிலோ வாயுவை வெளியிடுவதாகவும் கொள்வோம். மொத்தம் 1 இலட்சம் டன். டன்னுக்குரிய அளவை 30 விழுக்காடு குறைத்து 1.4 கிலோவாக்கிய பின், சரக்கு 8 கோடி டன்னாக உயர்ந்தால் மொத்தம் 1.12 இலட்சம் டன். இலக்கு எட்டப்பட்டது, வாயுவோ பெருகியது!

அடுத்தது, எதை யார் கணக்கில் எழுதுவது என்பது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல், விளக்கு, குளிர்பதனம், பம்புகள் ஆகியவற்றுக்காகத் தன் துணை எஞ்சின்களை இடைவிடாது இயக்கும். அப்புகை துறைமுகத்தினுடையதா, கப்பல் உரிமையாளருடையதா? கரையிலிருந்து மின்சாரம் அளித்தால் எஞ்சின் ஓயும். துறைமுகக் காற்று உடனே தெளியும். ஆனால் அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், வாயு அனல்மின் நிலையத்தின் பேரேட்டுக்கு மாறுகிறது.

பேரேடு மாறுவதற்குச் சென்னையே சான்று. துறைமுகத்தில் குவிக்கப்பட்ட நிலக்கரியின் தூசு வடசென்னை வீடுகளில் படிவதாக மக்கள் பல்லாண்டு முறையிட்டனர். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி அங்கு நிலக்கரி கையாள்வது நின்றது. இராயபுரத்தாருக்கு அது மெய்யான விடுதலை. அதைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் நிலக்கரி நாட்டுக்குத் தேவையாகவே இருந்தது. அது ஏறத்தாழ 24 கிலோமீட்டர் வடக்கே, 2001-இல் தொடங்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்திற்குச் சென்றது. அனல்மின் நிலையங்களுக்குக் கன்வேயர் மூலம் நிலக்கரி அனுப்பும் வசதியுடன் அமைந்த துறைமுகம் அது. ஆகவே இடமாற்றத்தில் பொருத்தமும் உண்டு. எனினும், வாராக்கடனை ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்கு மாற்றினால் முதற்கிளையின் ஏடு அழகாகும். வங்கியின் ஏடு மாறாது. சென்னையையும் எண்ணூரையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்பதே முறை.

மேலும், இங்கு மக்களை வருத்தியது கரியமில வாயு அன்று; தூசு. விசாகப்பட்டினத்திலும் கோவாவின் மர்மகோவாவிலும் எழும் முறையீடும் இதுவே. 10 மைக்ரான் வரையிலான நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது நம் தேசிய வரையறை. டன் கணக்கில் எழுதும் எந்த அறிக்கையும் இதைக் காட்டாது. துறைமுக மதிலுக்கு வெளியே, குடியிருப்பில் வைத்த கருவிதான் காட்டும்.

இது வைப்பாளர்களுக்கும் உரிய செய்தி. ரிசர்வ் வங்கியின் பசுமை வைப்புத்தொகைக்கான நெறிமுறை 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்நிதி எங்கே பயன்பட்டது என்பதை வெளியார் ஒருவர் ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும்; அவ்வறிக்கை வங்கியின் இணையதளத்தில் இடம்பெறும். அதில் துறைமுகம் ஏதேனும் இருந்து, 'டன்னுக்கு இவ்வளவு' என்று எழுதியிருந்தால், அவ்வாண்டின் மொத்தச் சரக்கு எவ்வளவு என்று கிளை அலுவலரிடம் தயங்காமல் கேளுங்கள்.