காதில் ஒரு சின்ன வெட்டு!



உங்கள் தெருவில் சுற்றித் திரியும் நாய்களின் காதுகளை எப்போதாவது உற்றுப் பார்த்தது உண்டா? சில நாய்களுக்கு ஒரு காதின் நுனியில் ஆங்கில எழுத்து 'வி' போல ஒரு சின்ன வெட்டு இருக்கும். 'ஐயோ பாவம், யாரோ வெட்டிவிட்டார்களே' என்று நினைத்துவிடாதீர்கள். அது அந்த நாய்க்குக் கொடுக்கப்பட்ட அடையாளச் சீட்டு! 'எனக்கு அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. இனி நான் குட்டி போட மாட்டேன். எனக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசியும் போட்டிருக்கிறார்கள்' என்பதுதான் அதன் பொருள்.

இந்த அடையாளத்துக்குப் பின்னால் பல பேருடைய உழைப்பு இருக்கிறது. நாய்களைக் காப்பாற்றுவதற்காகத் தங்கள் நேரத்தையும் பணத்தையும் செலவழிக்கும் அந்த மனிதர்களைப் பற்றித்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

வெள்ளத்தில் தத்தளித்த குட்டிகள்

1959-ஆம் ஆண்டு. சென்னையில் பலத்த மழை. தியாகராய நகரில் வெள்ளம் பெருக்கெடுத்து ஓடியது. அந்த வெள்ளத்தில் இரண்டு நாய்க்குட்டிகள் கரையேற முடியாமல் தத்தளித்துக் கொண்டிருந்தன. அதைப் பார்த்தவர் கேப்டன் வி. சுந்தரம். அவர் ஒரு விமானி. 'தெரு நாய்க்குட்டிதானே' என்று அவர் போய்விடவில்லை. இரண்டையும் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

அவருடைய மனைவி உஷா சுந்தரமும் ஒரு விமானிதான். 1951-ல் கணவனும் மனைவியுமாக லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறிய விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து சாதனை படைத்தவர்கள் அவர்கள். வானத்தில் பறந்த அந்தக் குடும்பம், தெருவில் கிடந்த நாய்களுக்காகத் தரையில் இறங்கி வேலை செய்தது. பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். இப்படி வீட்டில் ஆரம்பித்த தொண்டுதான் 'புளூ கிராஸ்' என்ற அமைப்பாக வளர்ந்தது. 1964-ல் அது முறைப்படி பதிவு செய்யப்பட்டது. இன்று கிண்டியில், வேளச்சேரி சாலையில் அதன் மருத்துவமனையும் காப்பகமும் இருக்கின்றன.

கொன்றால் குறையுமா?

அந்தக் காலத்தில் தெரு நாய்கள் பெருகினால் என்ன செய்வார்கள் தெரியுமா? பிடித்துக் கொண்டு போய்க் கொன்றுவிடுவார்கள். சென்னையில் 1860-லேயே ஆரம்பித்த பழக்கம் இது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கொன்றும் நாய்கள் குறையவில்லை. 1990-களில் ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன. அப்படியும் தெருவில் நாய்கள் இருந்துகொண்டேதான் இருந்தன.

ஏன் இப்படி? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தெருவில் பத்து நாய்கள் இருக்கின்றன. பத்தையும் பிடித்துக் கொண்டு போய்விட்டால் அந்தத் தெருவின் குப்பைத் தொட்டியும் மிச்சம் மீதியும் அப்படியே இருக்கும். சாப்பாடு இருக்கும் இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்து சேரும். ஒரு பெண் நாய் சுமார் 63 நாட்களில் குட்டி போட்டுவிடும். ஆண்டுக்கு இரண்டு முறைகூட ஈனும். ஒரு தடவைக்கு நாலு, ஐந்து குட்டிகள். பழைய எண்ணிக்கை திரும்பி வர எத்தனை நாள் ஆகும்? அதுவும், புதிதாக வந்த நாய்கள் தடுப்பூசி போடாதவையாக இருக்கும்!

இதைப் புரிந்துகொண்ட புளூ கிராஸ் அமைப்பினர், 'கொல்ல வேண்டாம். குட்டி போடாமல் அறுவைச் சிகிச்சை செய்யுங்கள். தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்' என்று 1964-லிருந்தே சொல்லி வந்தார்கள். கேப்டன் சுந்தரத்தின் மகன் டாக்டர் சின்னி கிருஷ்ணா இதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1996-ல்தான் சென்னை மாநகராட்சி இந்த வழிக்கு வந்தது. 32 ஆண்டுகள் பொறுமையாகப் பேசியிருக்கிறார்கள் பாருங்கள்! 2001-ல் மத்திய அரசு இதை நாடு முழுவதற்குமான விதியாக்கியது. 2023-ல் புதிய விதிகள் வந்தன. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை மட்டும் அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஒரு நாள் வேலை

நாய்க் காப்பகத்தில் என்னென்ன வேலை இருக்கும்?

காலையில் கூண்டுகளைக் கழுவ வேண்டும். பெரிய பாத்திரங்களில் சோறு வடித்து ஆறவைத்துப் பரிமாற வேண்டும். நோய் வந்த நாய்களைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றிவிடும். வண்டியில் அடிபட்டுக் கால் ஒடிந்த நாய், சொறி பிடித்து முடியெல்லாம் கொட்டிப்போன நாய், புண்ணில் புழு வைத்த நாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மருத்துவம். புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, புண்ணைக் கழுவி, மருந்து போட வேண்டும். நாற்றம் அடிக்கிறதே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினால் நடக்குமா?

இதற்கு நடுவே தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். 'கிணற்றில் நாய் விழுந்துவிட்டது', 'பிளாஸ்டிக் குடத்தில் தலை மாட்டிக்கொண்டது' என்று அழைப்புகள் வரும். வலை, கயிறு, கூண்டு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுவார்கள். வலியில் துடிக்கும் நாய், உதவ வருபவரையே கடிக்கும். அதனால் இந்த வேலையில் இருப்பவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள்.

தொண்டர்களாக வருபவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? கல்லூரி மாணவர்கள், அலுவலகம் போகிறவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தூங்கும்போது இவர்கள் நாய்களைக் குளிப்பாட்டிக் கொண்டிருப்பார்கள். சிலர் தாயை இழந்த குட்டிகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பால் புகட்டி வளர்த்து, நல்ல இடம் கிடைத்ததும் தத்துக் கொடுப்பார்கள்.

இவர்களுக்கு மிகவும் வருத்தம் தருவது எது தெரியுமா? ஆசையாக வாங்கி வளர்த்த நாயை, வயதாகிவிட்டது, வீடு மாறுகிறோம் என்று சொல்லித் தெருவில் விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான். வீட்டிலேயே வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. அது வாசலையே பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்கும்.

நம் மண்ணின் பழக்கம்

நாயிடம் அன்பு காட்டுவது நமக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. கால்நடைகளைக் காக்கப் போரிட்டு இறந்த ஒரு வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவத்தையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். திருட வந்தவர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். அரசர்கள் பலருடைய பெயரே மறந்துபோன பிறகும், 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது!

கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று வாதாடினார். அதன் பயனாக 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைக்கப்பட்ட விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

பயமும் வேண்டும்

'அப்படியானால் எல்லா நாயையும் தடவிக் கொடுக்கலாமா?' என்று கேட்காதீர்கள். 2024-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் நாய்க்கடிக்கு ஆளானார்கள். 43 பேர் 'ரேபிஸ்' எனப்படும் வெறிநாய்க்கடி நோயால் இறந்து போனார்கள். நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் கடித்த உடனே ஊசி போட்டுக்கொண்டால் பயமே இல்லை. 1885-ல் லூயி பாஸ்டர் முதன்முதலாக இந்த ஊசியைப் போட்டது ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத்தான். அவன் பிழைத்துக்கொண்டான்.

என் வகுப்பில் படித்த ஒரு மாணவனை நாய்க்குட்டி பிறாண்டிவிட்டது. அப்பா அடிப்பாரே என்று இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தான். பக்கத்தில் உட்காரும் தோழன் வந்து என்னிடம் சொன்னதால் மருத்துவமனைக்கு அழைத்துப் போக முடிந்தது. அந்தத் தோழன் செய்தது கோள் சொல்வது அல்ல. உயிர் காத்த உதவி.

இப்போது வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவதெல்லாம் இல்லை. கையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம்.

நாய்களுக்கு ஊசி போடும் தொண்டர்கள், நாய்களை மட்டும் காப்பாற்றவில்லை என்பது இப்போது புரிகிறதா? ஊசி போட்ட நாய் ஒரு தெருவுக்கே பாதுகாப்பு. அவர்கள் காப்பாற்றுவது உங்களையும்தான்.

நீங்கள் செய்யக்கூடியவை

* சாப்பிடும்போதும், தூங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் நாயின் அருகில் போகாதீர்கள்.

* நாய் குரைத்து வந்தால் ஓடாதீர்கள். கைகளைத் தொங்கவிட்டு, மரம் போல அசையாமல் நில்லுங்கள். அதன் கண்ணையே உற்றுப் பார்க்காதீர்கள்.

* கல்லால் அடிக்காதீர்கள். வாலில் பட்டாசு கட்டுவது விளையாட்டு அல்ல, சட்டப்படி குற்றம்.

* கடித்தாலோ, பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

* அடிபட்ட நாயை நீங்களே தூக்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அவர்கள் அழைக்கலாம்.

* வெயில் காலத்தில் வாசலில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் கழுவி மாற்றுங்கள்.

சென்னீர்குப்பமோ, அம்பத்தூரோ, ஆவடியோ, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நாளை பள்ளிக்குப் போகும்போது உங்கள் தெரு நாய்களை எட்ட நின்று கவனியுங்கள். எத்தனை நாய்களுக்குக் காதில் வெட்டு இருக்கிறது, எத்தனைக்கு இல்லை என்று எண்ணுங்கள். வெட்டு இல்லாத நாய்கள் இருந்தால், அப்பா அம்மாவிடம் சொல்லி உங்கள் ஊர் உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். மனுவில் போட வேண்டிய கணக்கை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடலாம்!