ஆபரேஷன் மேஜையில் நினைவு வந்துவிட்டால்..?
உடம்பு அசையாது, குரல் வராது, காது மட்டும் கேட்கும்!

"மயக்க மருந்து கொடுத்தாச்சு, இனிமே ஒண்ணும் தெரியாது" என்று நம்பித்தான் எல்லோரும் ஆபரேஷன் மேஜையில் படுக்கிறார்கள். ஆனால் பல்லாயிரத்தில் ஒருவருக்கு நடுவிலே நினைவு வந்துவிடுகிறது!

டாக்டர்கள் பேசுவது காதில் விழுகிறது. சிலருக்குக் கத்தி படுவதுகூடத் தெரிகிறது. "ஐயோ, நான் முழிச்சிட்டேன்!" என்று அலற நினைக்கிறார்கள். குரல் வரவில்லை. விரலை அசைக்கவும் முடியவில்லை.

இது கட்டுக்கதை அல்ல. பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் மயக்க மருந்து டாக்டர்கள் நாடு தழுவிய விசாரணை நடத்தி, 2014-ல் அறிக்கையே வெளியிட்டார்கள்.

19 ஆயிரத்தில் ஒருவர்

முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்களில் சுமார் 19 ஆயிரம் பேருக்கு ஒருவர் இப்படிப் புகார் சொல்லியிருக்கிறார். முழு மயக்கத்தில் நடந்த சிசேரியனில் மட்டும் இது சுமார் 670-க்கு ஒன்று!

மூன்றில் இரண்டு பங்கு சம்பவங்கள், ஆபரேஷன் தொடங்குவதற்கு முன்போ, மயக்கம் தெளியும் சமயத்திலோ நடந்தவை. பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் முடிந்தவை. பலருக்கு வலி இல்லை. "அசைய முடியலையே, செத்துட்டோமோ" என்ற திகில்தான் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

காரணம் என்ன?

நினைவைப் போக்க ஒரு மருந்து. தசைகளைத் தளர்த்த இன்னொரு மருந்து. இரண்டும் வேறு வேறு. தென் அமெரிக்க ஆதிவாசிகள் அம்பு நுனியில் தடவிய "குராரே" என்ற விஷத்தை, 1942-ல் கனடாவின் மான்ட்ரீல் நகர டாக்டர் ஹரோல்டு கிரிஃபித் ஆபரேஷனில் பயன்படுத்தினார். அதன் வழி வந்ததுதான் தசை மருந்து.

அது ஆளை அசையாமல் கிடத்தும். தூங்க வைக்காது! முதல் மருந்து குறைந்துபோனாலும் நோயாளி கையைக் காலை ஆட்ட மாட்டார். வெளியே பார்த்தால் தூங்குவது போலவே இருக்கும். தசை மருந்து கொடுத்தவர்களில் 8 ஆயிரத்தில் ஒருவருக்கு இந்த அனுபவம். கொடுக்காதவர்களில் 1 லட்சத்து 36 ஆயிரத்தில் ஒருவருக்குத்தான்.

நெற்றியில் ஒட்டி மூளையின் ஓட்டத்தைக் காட்டும் கருவி இருக்கிறது. ஆனாலும் கருவியை மட்டும் நம்பி இருக்க முடியாது.

62 வருஷம் கழித்து!

"அதெல்லாம் கனவும்மா" என்று யாராவது சொல்லிவிட்டால் நோயாளி வாயை மூடிக்கொள்கிறார். ஒருவர் 62 வருஷம் கழித்துத்தான் இந்த விசாரணைக்கு விஷயத்தைச் சொன்னார்! உறுதியான கேஸ்களில் 100-க்கு 41 பேருக்கு மனபாதிப்பு நீண்ட நாள் நீடித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் எதையும் ஒளிக்காதீர்கள். குடிப் பழக்கம், தூக்க மாத்திரை, முன்பு இப்படி நினைவு வந்த அனுபவம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் விழித்திருப்பது சகஜம். அதற்குப் பயம் வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து, உள்ளே நடந்த பேச்சு ஞாபகம் இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் சிரித்துத் தள்ளாதீர்கள். "சொல்லு, நான் நம்பறேன்" என்று சொன்னாலே அவருக்குப் பாதி பாரம் இறங்கும்!