கடலூர்க் கடற்கரையில் மீன்பிடிப் பயணத் திட்டமிடல்

மீன்பிடிப் பயணத் திட்டமிடல் என்பது ஒரு படகு எவ்வளவு தொலைவு செல்வது, கடலில் எத்தனை நாட்கள் தங்குவது, ஒரு மாதத்தில் எத்தனை முறை புறப்படுவது ஆகிய மூன்றையும் தீர்மானிப்பது ஆகும். தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டக் கடற்கரையில் இம்முடிவை மீன் இருக்கும் இடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எரிபொருள், ஐஸ், காற்று, ஆற்று முகத்துவாரத்தின் ஆழம், அரசு விதிகள், கரையில் கிடைக்கும் விலை ஆகியவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை படகு புறப்படும் முன்பே, கரையிலேயே முடிவாகிவிடுகின்றன. கடலுக்குள் சென்றபின் முடிவை மாற்ற இருக்கும் இடம் குறைவு.

ஒரே நாளில் சென்று திரும்பும் மீன்பிடிப்புக்கு மாறாக, கடலிலேயே இரவு தங்கி மீன் பிடிப்பது தமிழக மீனவர் வழக்கில் தங்கு கடல் எனப்படுகிறது.

இடமும் படகுகளும்

கடலூர் மாவட்டக் கடற்கரை ஏறத்தாழ 57 கி.மீ. நீளமுடையது. வடக்கே கடலூர் முதுநகரில் கெடிலம், உப்பனாறு ஆகியவை கடலை அடையும் இடத்தில் துறைமுகம் உள்ளது. தெற்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரமும், அதற்கும் தெற்கே கிள்ளை, முடசலோடை, பிச்சாவரம் சதுப்புநிலப் பகுதிகளும் உள்ளன. குறிஞ்சிப்பாடி இக்கடற்கரைக்கு மேற்கே, கடலூர் துறைமுகம் – விருத்தாசலம் தொடருந்துப் பாதையில் அமைந்த உள்நாட்டு ஊர். ஊருக்கு அருகிலுள்ள பெருமாள் ஏரியில் மீன் பிடிப்போருக்குத் தொலைவு ஒரு பொருட்டல்ல; விடியலில் இறங்கி வெயில் ஏறும் முன் கரையேறிவிடலாம். கடலில் இந்த வசதி இல்லை.

இங்கு மூவகைக் கலங்கள் காணப்படுகின்றன. கட்டுமரம் கரையை ஒட்டியே இயங்குவது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பெருமளவில் பரவிய கண்ணாடி இழைப் படகுகள் (பேச்சு வழக்கில் ஃபைபர் போட்டு) வெளிப்பொருத்து எந்திரத்துடன் பெரும்பாலும் ஒரே நாளில் சென்று திரும்புவன. உள்ளமை டீசல் எந்திரமும் மீன் சேமிப்பறையும் கொண்ட விசைப்படகுகளே தங்கு கடலுக்கு ஏற்றவை. எவ்வளவு தொலைவு என்ற கேள்விக்கு முதல் விடை, எந்தப் படகு என்பதுதான்.

நேரக் கணக்கு

ஒரு எளிய எடுத்துக்காட்டு இதனை விளக்கும். ஒரு விசைப்படகு மணிக்கு 7 கடல் மைல் செல்வதாகக் கொள்க (1 கடல் மைல் = 1.852 கி.மீ.). மீன்பிடி இடம் 14 கடல் மைல் தொலைவில் இருந்தால் போக 2 மணி நேரம், வர 2 மணி நேரம். காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்பும் படகுக்கு மொத்தம் 16 மணி நேரம். இதில் வலை வீச 12 மணி நேரம், அதாவது நான்கில் மூன்று பங்கு கிடைக்கிறது. இடம் 42 கடல் மைல் தொலைவில் இருந்தால் பயணத்திற்கே 12 மணி நேரம் போய்விடும். எஞ்சுவது 4 மணி நேரம், அதாவது நான்கில் ஒரு பங்கு. அந்தத் தொலைவிற்கு ஒரு நாள் பயணம் பொருளற்றது.

அதே 42 கடல் மைல் இடத்தில் 3 நாட்கள் தங்கினால், 72 மணி நேரத்தில் 60 மணி நேரம் (83 விழுக்காடு) மீன்பிடிப்புக்குக் கிடைக்கிறது. 5 நாட்களானால் 120 மணி நேரத்தில் 108 (90 விழுக்காடு). ஒரு நாளிலிருந்து மூன்று நாட்களுக்குச் செல்லும்போது ஆதாயம் மிகப் பெரிது. மூன்றிலிருந்து ஐந்துக்குச் செல்லும்போது 7 விழுக்காடு மட்டுமே. ஆனால் அந்த இரண்டு கூடுதல் நாட்களுக்கும் ஐஸ், உணவு, குடிநீர் தேவை. முதல் நாள் பிடித்த மீனும் அதற்குள் ஐந்து நாள் பழையதாகிவிடும்.

விலங்குகள் இரை தேடும் முறையை விளக்க எரிக் சார்னோவ் என்பவர் 1976-இல் வெளியிட்ட விளிம்புப் பயன் தேற்றம் இதையொத்த கணக்கையே செய்கிறது. இரையிடம் எவ்வளவு தொலைவில் உள்ளதோ, அவ்வளவு அதிக நேரம் அங்கே தங்குவதே ஆதாயம் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. விலங்குகளுக்காக எழுதப்பட்ட இக்கணக்கு விசைப்படகுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது எனலாம். பறவைக்கு ஐஸ் வாங்கும் செலவு மட்டும் இல்லை.

ஐஸ்

தங்கு கடலின் மேல் வரம்பை ஐஸே முடிவு செய்கிறது. கரையிலுள்ள ஐஸ் ஆலைகளில் பெரிய பாளங்களாக (வழக்கில் ஐஸ் பார்) வாங்கி, நொறுக்கி, படகின் காப்பிடப்பட்ட அறையில் நிரப்புவது வழக்கம்.

ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பத்தை உள்வாங்குகிறது. ஒரு கிலோ மீனின் வெப்பநிலையை ஒரு பாகை குறைக்க ஏறத்தாழ 3.6 கிலோஜூல் நீக்க வேண்டும். எனவே 30 பாகை செல்சியசில் இருக்கும் 1,000 கிலோ மீனை 0 பாகைக்குக் கொண்டுவரக் கோட்பாட்டளவில் 320 கிலோ ஐஸ் போதும். ஆனால் படகின் சுவர் வழியாகவும், அறைக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளி வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வெப்பமண்டலக் கடல்களில் மீனுக்குச் சம எடை ஐஸ் என்பது பரிந்துரைக்கப்படும் அளவாக உள்ளது. குளிர்விக்கத் தேவைப்படும் ஐஸ் மீனின் அளவைப் பொறுத்தது. குளிரைக் காக்கத் தேவைப்படும் ஐஸ் நாட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டாவதே தங்கு கடலில் பெரும் செலவாகிறது.

ஐஸ் குறைவாக ஏற்றினால், நல்ல மீன் கிடைக்கும் நேரத்தில் திரும்ப நேரிடும். கூடுதலாக ஏற்றினால் மீனுக்கான இடம் குறையும், படகின் எடை கூடும், மீன் கிடைக்காதபோது வாங்கிய ஐஸ் வெறும் நீராகப் போகும். ஆகவே எத்தனை நாள் பயணம் என்பது பெரும்பாலும் ஐஸ் ஏற்றும்போதே முடிவாகிறது.

எல்லா மீன்களும் ஒரே அளவு தாங்குவதில்லை. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மிக்க மீன்கள் விரைவில் கெடுகின்றன. இறாலில் ஓரிரு நாட்களிலேயே கரும்புள்ளி தோன்றி விலை சரியும். வஞ்சிரம், சங்கரா போன்றவை நன்கு ஐஸ் இட்டால் கூடுதல் நாட்கள் தாங்கும். எனவே மத்திக்காகப் பல நாள் பயணம் செல்வது இலாபகரமானதன்று.

கனடா போன்ற குளிர்நாடுகளில் ஐஸ் மீன்பிடிப்பு என்பது முற்றிலும் வேறு பொருளில் வழங்குகிறது. தமிழர் பெருமளவில் வாழும் டொராண்டோவுக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரி உறைந்ததும், அதன் மீது நடந்து சென்று, துளையிட்டுத் தூண்டில் போடுவர். அங்கும் எவ்வளவு தொலைவு என்பதே முதற்கேள்வி. நடந்து செல்லக் குறைந்தது 10 செ.மீ. தடிமனுள்ள தெளிந்த பனிக்கட்டி தேவை எனப் பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. அங்கே காலுக்குக் கீழ் இருக்கும் பனிக்கட்டி செய்யும் வேலையை, கடலூரில் அறைக்குள் இருக்கும் பனிக்கட்டி செய்கிறது.

எரிபொருள்

செலவில் பெரும்பங்கு டீசலுக்கே செல்கிறது. நீரில் செல்லும் கலத்தின் எரிபொருள் தேவை, தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மணிதோறும் கூடும். ஒரே தொலைவுக்கு எனக் கணக்கிட்டால் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 7 கடல் மைலிலிருந்து 6 கடல் மைலாகக் குறைத்தால், அதே தொலைவுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு டீசல் மிச்சமாகும். 42 கடல் மைல் பயணத்திற்கு 6 மணி நேரத்திற்குப் பதில் 7 மணி நேரம் ஆகும். இருப்பினும் கரைக்கு முதலில் வரும் படகுக்கே ஏலத்தில் நல்ல விலை என்பதால், திரும்பும்போது வேகத்தைக் குறைப்போர் அரிது.

தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்கு விற்பனை வரி விலக்குடன் ஆண்டுக்கு 18,000 லிட்டர் டீசல் வழங்கப்பட்டு வந்தது. இது 19,000 லிட்டராகவும், எந்திரம் பொருத்திய நாட்டுப்படகுகளுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 லிட்டராகவும் உயர்த்தப்படும் என 2023-இல் அறிவிக்கப்பட்டது. இந்த ஒதுக்கீடு நடைமுறையில் பயண எண்ணிக்கைக்கும் தொலைவுக்கும் ஒரு மறைமுக உச்சவரம்பாக அமைகிறது. அதற்கு மேல் செல்லும் ஒவ்வொரு மைலும் சந்தை விலை டீசலில் செல்லும் மைல்.

பொதுவாகப் பயணச் செலவைக் கழித்த பின்னரே வருவாய் உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பங்கிடப்படுகிறது. எனவே தொலைவாகச் சென்று வெறுங்கையுடன் திரும்பினால், உரிமையாளர் கடனுக்கு உள்ளாவதோடு, நான்கு நாள் உழைத்த தொழிலாளிக்கும் பங்கு எதுவும் மிஞ்சாது.

மீன் இருக்கக்கூடிய இடத்தை முன்கூட்டியே அறிந்தால் இந்த இடர் குறையும். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் வழிப் பெறப்படும் கடற்பரப்பு வெப்பநிலை, பச்சையத்தின் அளவு ஆகியவற்றைக் கொண்டு மீன் கூடும் வாய்ப்புள்ள பகுதிகளைத் திசை, தொலைவு, ஆழம் ஆகியவற்றுடன் அறிவிக்கிறது. தேடித் திரியும் நேரத்தை இது குறைக்கிறது. ஆனால் ஒரே அறிவிப்பு எல்லாப் படகுகளுக்கும் கிடைப்பதால் போட்டியும் அங்கேயே கூடுகிறது.

காற்றும் முகத்துவாரமும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாடைக்காற்றும் புயல்களும் பயண நாட்களை வெகுவாகக் குறைக்கின்றன. கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவது மாவட்டம் முழுவதும் கவனிக்கப்படும் செய்தி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது.

இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது முகத்துவாரம். இக்கடற்கரையில் ஓத ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆயினும் மணல் மேடிட்ட ஆற்று வாயில் அந்த அரை மீட்டர் நீரே படகு நுழைவதா, தரைதட்டுவதா என்பதை முடிவு செய்யும். பாரம் ஏற்றிய படகு புறப்பட்டதைவிட ஆழமாக அமிழ்ந்திருப்பதால், திரும்பும் நேரத்தை நீர் ஏற்றத்துடன் பொருத்த வேண்டியுள்ளது. தவறினால் வெளியே காத்திருக்க வேண்டும், ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்.

சட்ட வரம்புகள்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரையான பகுதி நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் இவ்வெல்லை 5 கடல் மைலாக விரிவுபடுத்தப்பட்டது. ஆக, விசைப்படகுக்குக் குறைந்தபட்சத் தொலைவையும் சட்டமே வரையறுக்கிறது. மேலே எடுத்துக்காட்டில் கண்ட காலை 5 மணி, இரவு 9 மணி வரம்பும் இதன்கீழ் வந்ததே. தங்கு கடல் பரவலாக நடப்பதிலிருந்து, எல்லாத் துறைமுகங்களிலும் இந்நேர விதி ஒரே மாதிரி பின்பற்றப்படவில்லை என்பது தெரிகிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஆகும். 2001-இல் தமிழ்நாட்டில் தொடங்கியபோது இது 45 நாட்களாக இருந்தது.

கடலூரில் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானது சுருக்குமடி வலை. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடிப்பகுதியைச் சுருக்கிப் பிடிக்கும் இவ்வலையால் ஒரே வீச்சில் பெருமளவு மத்தி கிடைக்கும். சிறுபடகு மீனவர்கள் தங்கள் பங்கு அழிவதாகக் கூறி எதிர்த்தனர். மீனவ ஊர்களுக்கிடையே மோதல்களும் நிகழ்ந்தன. இவ்வலைக்கு மாநில அரசு விதித்திருந்த தடை தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 சனவரி 24 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதன்படி 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில், காலை 8 முதல் மாலை 6 மணி வரை, கண்காணிப்புக் கருவி பொருத்திய பதிவுபெற்ற படகுகள் இவ்வலையைப் பயன்படுத்தலாம். எவ்வளவு தொலைவு, எத்தனை முறை என்ற இரு கேள்விகளுக்கும் நீதிமன்றமே விடை கூறிய அரிய நேர்வு இது. மணிக்கு 7 கடல் மைல் செல்லும் படகுக்கு 12 கடல் மைல் எல்லையை அடைந்து திரும்பவே ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் வேண்டும். 10 மணி நேரத்தில் எஞ்சுவது ஆறரை மணி நேரம். வியாழக்கிழமை காற்று வலுத்தால் மாற்று நாள் குறிப்பிடப்படவில்லை.

நாட்களைப் பங்கிடும் முறை புதிதன்று. பாக்கு நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களும், நாட்டுப்படகுகள் எஞ்சிய நாட்களிலும் செல்லும் ஏற்பாடு நெடுங்காலமாக உள்ளது.

தொலைவும் தொடர்பும்

கரையிலிருந்து விலக விலக எச்சரிக்கையும் எட்டாமல் போகிறது. கைபேசிச் சமிக்ஞை கரையோரத்துடன் நின்றுவிடும். படகுகளிலுள்ள மீ உயர் அதிர்வெண் வானொலியும் சில பத்துக் கடல் மைல்களுக்கு மேல் பயன்படாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தாக்கியபோது, பல நாள் பயணமாக அரபிக்கடலில் வெகு தொலைவு சென்றிருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களுக்குச் செய்தி சென்று சேரவில்லை. பலர் திரும்பவே இல்லை. அதன் பின்னரே செயற்கைக்கோள் வழித் தொடர்பு முனைப்புப் பெற்றது. ஒரு இலட்சம் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகத்து 30 அன்று தொடங்கி வைக்கப்பட்டது.

சந்தையும் நாள் தேர்வும்

ஞாயிற்றுக்கிழமை மீன் விலை உயர்வாக இருக்கும் என்பதால், சனிக்கிழமை இரவு அல்லது ஞாயிறு விடியலில் கரை சேருமாறு பயணத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவது உண்டு. புரட்டாசியிலும், ஐயப்ப பக்தர்கள் விரதமிருக்கும் கார்த்திகை, மார்கழியிலும் தேவை குறைவதால், அக்காலத்தில் நீண்ட பயணத்தின் இடர் கூடுகிறது. முழுநிலவு நாட்களில் மிதவை வலை மீனின் கண்ணுக்குத் தெரியும் என்பதால் அவ்வலைக்காரர்கள் ஓய்வெடுப்பர்.

படகு கரை சேரும் நேரம் இன்னொரு பயணத்தையும் தீர்மானிக்கிறது. ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து உள்நாட்டு ஊர்களுக்குச் செல்லும் பெண்களுக்கும், எவ்வளவு தொலைவு செல்வது என்பது அன்றாடக் கேள்வியே. விடியலுக்கு முன் படகு வந்தால் குறிஞ்சிப்பாடிச் சந்தை வரை சென்று விற்க முடியும். காலை 9 மணிக்கு வந்தால் அருகிலுள்ள தெருக்களோடு முடித்துக்கொண்டு, எஞ்சியதைக் கருவாட்டுக்கு உப்பிடுவர்.