ஞாயிறும் கடிகாரமும்

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் இடையில் அமைந்த ஊர் பாரிவாக்கம். ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராய் இருந்த அவ்வூர், நகரம் விரிந்து வந்தமையால் இன்று சென்னையின் புறநகராகவே மாறி வருகின்றது. அங்கும் அதன் சுற்றுப்புறங்களிலும் வைகறைப் பொழுதில் இருவகை மக்களைக் காணலாம். தொழுவத்தில் பால் கறப்போரும், தோட்டத்தில் பூப்பறிப்போரும், வயலுக்கு நீர் பாய்ச்சுவோரும் ஒரு வகையினர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் செல்லப் பேருந்துக்காகக் காத்து நிற்போரும், பள்ளிக்குப் புறப்படும் சிறுவர் சிறுமியரும் மற்றொரு வகையினர். முன்னவர் கதிரவனைப் பார்த்து நாளைத் தொடங்குகின்றனர். பின்னவர் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்குகின்றனர்.

கதிரவனின் போக்கை மாற்ற மனிதனால் இயலாது. கடிகாரத்தின் முள்ளை மாற்ற இயலும். கோடை நெருங்கும்போது எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னோக்கித் திருப்பி வைப்பதும், குளிர்காலம் நெருங்கும்போது அவற்றை மீண்டும் பின்னோக்கித் திருப்புவதும் ஐரோப்பா, வட அமெரிக்கா முதலிய இடங்களில் வழக்கமாக இருக்கின்றன. இதனைப் ‘பகலொளிச் சேமிப்பு நேரம்’ என்பர். இவ்வழக்கம் இந்தியாவில் இன்று இல்லை. ஆயினும், கடிகாரத்தை முன்தள்ளி வைத்து வாழ்ந்த காலமும் இந்நாட்டில் இருந்ததுண்டு. அதனால் விளையும் நன்மை யாது, தீமை யாது என்று ஆராய்வது பயனுடையதாகும்.

பண்டைத் தமிழர் ஒரு நாளைக் காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். ஒரு நாளுக்கு அறுபது நாழிகை என்றும் கணக்கிட்டனர். ஒரு நாழிகை இருபத்து நான்கு நிமிடம் கொண்டது. ஞாயிறு எழுந்தது முதல் நாழிகையை எண்ணியமையால், அவர்தம் காலக் கணக்கிற்கும் கதிரவனுக்கும் பிணக்கு நேரவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் அவ்வூர் வானமே கடிகாரமாக இருந்தது.

புகைவண்டி வந்தபின் இந்நிலை மாறிற்று. ஊருக்கு ஒரு நேரம் இருப்பின் வண்டிகளை ஒழுங்காக ஓட்டுதல் அரிது. ஆகவே, பலவூர்க்கும் பொதுவான ஒரு நேரம் வேண்டப்பட்டது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டில் அமைந்த வானாய்வகத்தைக் கொண்டு கணிக்கப்பட்ட ‘சென்னை நேரம்’, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய இருப்புப்பாதைகளுக்குப் பொது நேரமாக விளங்கியது. அது கிரீனிச்சு நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முற்பட்டது. பின்னர், 1906ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் முதல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. இது கிரீனிச்சு நேரத்திற்கு 5½ மணி முற்பட்டது. கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டது.

பாரிவாக்கம் அத்தீர்க்கரேகைக்கு மேற்கே ஏறத்தாழ 2½ பாகை தள்ளியிருக்கின்றது. புவி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகின்றமையால், அவ்வூரில் ஞாயிறு உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாகப் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்தைக் காட்டும். எனவே, கடிகாரம் காட்டும் நேரம் வானம் காட்டும் நேரமன்று. அது மக்கள் பலரும் கூடி வாழும் பொருட்டுச் செய்துகொண்ட ஓர் உடன்பாடே ஆகும். உடன்பாட்டினை மாற்றிக்கொள்ளலாம் அன்றோ? பகலொளிச் சேமிப்பு என்னும் எண்ணம் தோன்றியது இவ்விடத்திலேதான்.

நியூசிலாந்தில் அஞ்சல் நிலையத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஹட்சன் என்பவர், பணி முடிந்தபின் பூச்சிகளைத் தேடித் தொகுப்பதில் பேரார்வம் உடையவர். மாலையில் வெளிச்சம் நீடித்தால் நலம் என்று கருதிய அவர், கடிகாரத்தை முன்தள்ளும் கருத்தினை 1895ஆம் ஆண்டில் வெளியிட்டார். இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர் கோடைக்கால விடியலில் குதிரை ஏறி உலவச் செல்வதுண்டு. நன்கு விடிந்த பின்னும் வீடுகளின் சன்னல்கள் மூடப்பட்டு மக்கள் உறங்குவதைக் கண்ட அவர், பகலொளி வீணாவதாக வருந்தி 1907ஆம் ஆண்டில் ஒரு சிறுநூல் எழுதினார். அவர் வாழ்நாளில் அக்கருத்து சட்டமாகவில்லை. அவர் 1915இல் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டில், முதல் உலகப் போரின் நெருக்கடியில் எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, ஜெர்மனி 1916 ஏப்ரல் 30ஆம் நாளும், பிரிட்டன் அவ்வாண்டு மே 21ஆம் நாளும் கடிகாரங்களை முன்னோக்கித் திருப்பின.

இவ்வழக்கத்தால் விளையும் நன்மைகள் சில உள. முதலாவது, தொழிலகத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் வீடு திரும்பியவர்களுக்கு மாலையில் ஒரு மணி நேர வெளிச்சம் மிகுதியாகக் கிட்டுகின்றது. சிறுவர் விளையாடுவதற்கும், பெரியோர் தோட்ட வேலை செய்வதற்கும், கடைவீதியில் வணிகம் நடைபெறுவதற்கும் அது உதவுகின்றது. இரண்டாவது, மாலையில் விளக்கேற்றும் நேரம் தள்ளிப்போவதால், விளக்குக்குச் செலவாகும் மின்சாரம் குறைகின்றது. மூன்றாவது, பணி முடிந்து திரும்புவோர் இருளில் செல்லாமல் ஒளியில் செல்வதால் சாலையில் நேரும் இடர்கள் குறைய வழியுண்டு. போரும் பஞ்சமும் வந்த காலத்தில் அரசுகள் இவ்வழக்கத்தை நாடியது இவை பற்றியே ஆகும்.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது இந்தியாவும் இவ்வழியை மேற்கொண்டது. 1942 செப்டம்பர் 1ஆம் நாள் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. 1945 அக்டோபர் நடுவில், போர் முடிந்தபின், அவை பழைய நிலைக்குத் திரும்பின. அம்மூன்று ஆண்டுகளிலும் கோடை, குளிர் என்ற வேறுபாடின்றி ஆண்டு முழுவதும் போர்க்கால நேரமே வழங்கிற்று. சென்னைப் பகுதியில் ஜனவரித் திங்களில் ஞாயிறு எழுவது காலை ஆறரை மணிக்குச் சற்றுப் பின்னராகும். அப்போர்க்கால நேரத்தின்படி அது ஏழரை மணிக்கும் பிற்பட்டது. காலை ஏழு மணிக்கு வேலை தொடங்க வேண்டிய ஒருவர் இருளிலேயே எழுந்து, இருளிலேயே வழிநடந்து, விளக்கொளியிலேயே தொழிலைத் தொடங்க வேண்டியிருந்தது. மாலையில் மிஞ்சிய விளக்கெண்ணெய் காலையில் செலவாயிற்று என்றே கூறலாம்.

கோடைக்கு மட்டும் இம்மாற்றத்தைச் செய்தால் என்ன என்று சிலர் வினவலாம். அதற்கு விடை நிலவுலகின் அமைப்பிலேயே உள்ளது. இலண்டன் மாநகரில் கோடையின் நெடும்பகல் பதினாறரை மணி நேரத்திற்கும் மேற்பட்டது. குளிர்காலத்தின் குறும்பகலோ எட்டு மணி நேரத்திற்கும் குறைந்தது. கிரீனிச்சு நேரப்படி அங்கே டிசம்பரில் காலை எட்டு மணிக்கு எழும் ஞாயிறு, ஜூன் திங்களில் நான்கு மணிக்கு முன்பே எழுந்துவிடுகின்றது. மக்கள் உறங்கும் வேளையில் பொழியும் அவ்வொளியில் ஒரு பகுதியை மாலைக்கு மாற்றுவது அந்நாட்டிற்குப் பொருந்துவதே.

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பதின்மூன்று பாகையில் உள்ள பாரிவாக்கத்தின் நிலை வேறு. அங்கே நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. ஜூன் திங்களில் ஞாயிறு எழுவது காலை ஐந்தே முக்கால் மணி அளவில். டிசம்பர் இறுதியில் ஆறரை மணி அளவில். ஆண்டு முழுவதிலும் அது எழும் நேரம் ஒரு மணிக்குள்ளேயே மாறுகின்றது. ஐந்தே முக்கால் மணிக்கு அவ்வூரில் உறங்கிக் கிடப்போர் சிலரே. ஆகவே, வீணாகும் ஒளி என்று சேமிப்பதற்கு அங்கே மிகுதியாக ஒன்றுமில்லை.

வெப்பத்தையும் கருதுதல் வேண்டும். குளிர் நாட்டில் மாலை வெயில் விரும்பத்தக்கது. தமிழ்நாட்டிலோ அது அஞ்சத்தக்கது. கடிகாரம் ஒரு மணி நேரம் முன் சென்றால், காலை வேலை குளிர்ந்த பொழுதில் தொடங்கும் என்பது உண்மையே. ஆனால், நான்கு மணிக்கு விடும் பள்ளி, கதிரவன் கணக்கில் மூன்று மணிக்கே விட்டதாகும். கோடையில் சென்னைக் கரையை அடையும் கடற்காற்று, பாரிவாக்கம் போன்ற மேற்குப் புற ஊர்களை எட்டுவதற்குச் சற்று நேரம் ஆகின்றது. அக்காற்று வருமுன், தார்ச்சாலை கொதிக்கும் வேளையில், சிறுவர் வீட்டிற்கு நடக்க நேரும். இரவிலும் வீடு தணியாமல் உறக்கம் தாமதமாகும். விடியலில் எழும் நேரமோ முந்திவரும். இழப்பு உறக்கத்தின்மேல் விழும்.

கதிரவனைப் பார்த்து வாழ்வோர்க்கு இம்மாற்றம் மற்றொரு சுமையைத் தருகின்றது. மல்லிகை மொட்டினை அது மலருமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்புதல் வேண்டும். சந்தை கடிகாரத்தின்படி ஒரு மணி நேரம் முன்னதாகக் கூடினால், பறிப்போர் இருளில் கைவிளக்குடன் தோட்டத்தில் இறங்க வேண்டும். பால் வண்டி முந்தி வந்தால், பசுவும் முந்திப் பால் சுரக்க வேண்டும். பசுவிற்குக் கடிகாரம் தெரியாது. பழக்கப்பட்ட வேளை மாறினால் அது பாலைக் குறைத்துச் சுரக்கும். பழக, சில நாட்கள் ஆகும். இங்ஙனம் நகரத்தார் மாலையில் பெறும் ஒரு மணி நேரத்திற்கு, சிற்றூரார் வைகறையில் விலை கொடுக்கின்றனர். ஆஸ்திரேலியாவில் வெப்பம் மிகுந்த குயின்சுலாந்து மாநிலத்தார், 1992ஆம் ஆண்டில் நடந்த பொது வாக்கெடுப்பில் இவ்வழக்கத்தை வேண்டாவென்று தள்ளினர். நகரப் பகுதிகளில் ஆதரவும், உழவும் கால்நடையும் மிகுந்த பகுதிகளில் எதிர்ப்பும் மிக்கிருந்தன.

தமிழ்நாட்டின் அண்டை நாடாகிய இலங்கையின் பட்டறிவும் கருதத்தக்கது. அந்நாட்டு மின்சாரம் பெரிதும் நீர்வீழ்ச்சிகளையும் அணைகளையும் நம்பியிருந்தது. 1996ஆம் ஆண்டில் மழை பொய்த்து மின்சாரம் பற்றாமற்போகவே, மே 25ஆம் நாள் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்வாங்கப்பட்டது. வடக்கில் விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டன. ஒரே தீவினுள் வழிச்செல்வோர் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டிய நிலை ஏற்பட்டது. பிள்ளைகள் இருளில் பள்ளிக்குச் செல்ல நேர்கின்றது என்று பெற்றோர் குறை கூறினர். இறுதியில், 2006 ஏப்ரல் நடுவில், இலங்கை தன் பழைய நேரத்திற்கே திரும்பிற்று. நெருக்கடிக்கென வந்த மாற்றம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்தது.

மின்சாரம் மிஞ்சும் என்னும் கூற்றும் இக்காலத்தில் ஐயத்திற்கு உள்ளாகியிருக்கின்றது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் முழுவதும் 2006ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தை ஏற்றபோது, வீடுகளின் மின்செலவை ஆய்வாளர் கணக்கிட்டனர். விளக்குச் செலவு குறைந்தது. குளிரூட்டும் கருவிகளின் செலவு ஏறியது. முடிவில் மொத்தச் செலவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு மிகுந்ததாகக் கண்டனர். விளக்கினும் விசிறியும் குளிரூட்டியும் மிகுதியாக மின்சாரம் உண்ணும் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் இது பாடமாகும். கடிகாரம் மாறிய சில நாட்களில் உறக்கம் குன்றுவதாகவும், மாரடைப்பு சிறிது மிகுவதாகவும் ஆய்வுகள் சில கூறுகின்றன. மெக்சிகோ நாடு 2022ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தைப் பெரும்பாலான இடங்களில் கைவிட்டது.

அப்படியாயின், பகலொளியை நன்கு பயன்படுத்த வேறு வழி இல்லையோ? உண்டு. அசாம் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஜூன் திங்களில் ஞாயிறு காலை நாலரை மணிக்கு முன்பே எழுகின்றது. ஆகவே, அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் இந்தியப் பொது நேரத்திற்கு ஒரு மணி முற்பட்ட ‘தோட்ட நேரம்’ வெள்ளையர் காலம் முதல் வழங்கி வருகின்றது. நாடு முழுவதும் கடிகாரத்தைத் திருப்பாமலே, அத்தோட்டத்தார் தம் தொழிலுக்கு ஏற்ப நேரத்தை வகுத்துக்கொண்டனர். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரும் வெயிலுக்கு அஞ்சி, விடியுமுன் வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்கின்றனர். அவர்களுக்கு எச்சட்டமும் கடிகாரத்தைத் திருப்பித் தரவில்லை. பள்ளியும் அலுவலகமும் தொழிலகமும் கோடையில் தத்தம் வேலை நேரத்தைச் சற்று முன்கொண்டு வருதல், எல்லார்க்கும் பொதுவான கடிகாரத்தை மாற்றுவதினும் எளிது. வேண்டாதவரை அது வருத்தாது. வேண்டியவர்க்கு அது பயன்படும்.

கடிகாரத்தின் முள்ளைத் திருப்புவதனால் பகல் ஒரு நொடியும் நீள்வதில்லை. காலையில் ஒருவர் இழப்பதையே மாலையில் மற்றொருவர் பெறுகின்றார். வடபுலத்து நாடுகளில் பெறுவது மிகுதி, இழப்பது குறைவு. பாரிவாக்கம் போன்ற ஊர்களிலோ பெறுவது குறைவு; இழப்பது மிகுதி. ஓரிடத்தில் நன்மை தந்த வழக்கம் எவ்விடத்தும் நன்மை தரும் என்று கொள்ளுதல் அறிவுடைமை ஆகாது. நேரத்தை வகுப்போர், வெளிச்சத்தில் வீடு திரும்பும் அலுவலரை எண்ணுவதோடு, இருளில் மொட்டுப் பறிக்கும் கைகளையும், புத்தகப் பையுடன் விடியுமுன் வழிநடக்கும் சிறு கால்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.