சோலார் லைட்டு சீக்கிரம் அணையுதா? பேனல் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



போன கார்த்திகையில், மண்ணிவாக்கம் பக்கத்துக் குழு ஒன்றின் கூட்டத்தில் ஒரு அக்கா கடன் கேட்டார். "பதினோரு மணி வரைக்கும் எரிஞ்ச சோலார் லைட்டு இப்ப ஏழரைக்கே அணைஞ்சிடுது. பார்க்க வந்தவர் பேனல் போயிடுச்சு, புதுசு மாத்துங்கன்னு சொல்லிட்டார். நாலாயிரம் வேணும்" என்றார். மிக்ஜாம் புயலின்போது (டிசம்பர் 2023) தெருவே இருட்டில் கிடக்க, பக்கத்து வீட்டு செல்போன்களுக்கெல்லாம் சார்ஜ் போட்டுக் கொடுத்த வீடு அது. கடன் கொடுக்க யாருக்கும் தயக்கமில்லை. ஆனாலும், போய்ப் பார்த்துவிட்டுத் தீர்மானம் எழுதலாம் என்று நாலு பேர் கிளம்பினோம்.

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். பேனல் சுலபத்தில் கெடாது. 20, 25 வருஷம் உழைக்கும். பேட்டரி அப்படியில்லை, நல்லா பார்த்துக்கிட்டாலும் நாலைந்து வருஷம்தான். 2011-ல் தொடங்கிய அரசின் பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு ஐந்து சூரிய விளக்கு கிடைத்தவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும்.

முதலில் மாடிக்கு ஏறினோம். வெளிவட்டச் சாலை லாரிப் புழுதி பேனல் மேல் மாவு சலித்த மாதிரி படிந்திருந்தது, காக்கை எச்சம் வேறு. காலையில் வெயில் ஏறும் முன் நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தேங்காய் நார், சோப்புத் தூள் வேண்டாம். உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளையாகப் படிந்துவிடும். உச்சிவெயிலில் சுடச்சுட இருக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

அடுத்தது நிழல். தெற்குப் பக்கம் ஒரு முருங்கை மரம். "சித்திரையில நிழலே விழலையே" என்றார் அக்கா. உண்மைதான். சித்திரையில் நம் ஊரில் மதியச் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும். கார்த்திகை, மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடும், மர நிழலும் நீளும். பேனலுக்குள் சின்னச் சின்னக் கட்டங்கள் சங்கிலி மாதிரி கோத்திருக்கும். ஒரு கட்டத்தில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் மின்சாரமும் தடைபடும். கிளையை வெட்டினோம். (முருங்கைக்கீரை நாலு வீட்டுக்குப் போச்சு.)

மழைக்காலத்தில் மேகத்தால் குறைவதும், கத்திரி வெயிலில் பேனல் சூடேறி கொஞ்சம் குறைவதும் இயல்பு. பேட்டரி நிறைந்துவிட்டால் கன்ட்ரோலர் பெட்டியே சார்ஜைக் குறைத்துவிடும். அதைப் பார்த்து பேனல் செத்துப்போச்சு என்று பயப்படுகிறவர்களும் உண்டு.

கடைசியில் பேட்டரி மூடியைத் திறந்தால் தகடுகள் காய்ந்து வெளியே தெரிந்தன. எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டோம். "அதுக்கு ஊத்தணுமா?" என்றார். அவர் மேல் தப்பில்லை, பொருத்தியவர் சொல்லித் தரவில்லை. மாதம் ஒருமுறை பார்த்து, தகடு மூழ்கி அரை அங்குலம் நிற்கும்படி டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றணும். குழாய்த் தண்ணீரும் கூடாது, ஆசிட்டும் கூடாது. பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீங்க. மேலே பட்டால் உடனே நிறைய தண்ணீரில் கழுவுங்க. முனையில் பச்சையாகப் பூத்திருந்தால், முதலில் பேனல் ஒயரை, பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றணும். மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கலந்த வெந்நீரில் நனைத்த துணியால் முனையைத் துடைத்து, வாசலின் தடவுங்க. திரும்ப மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு.

அன்று மாடியில், பேனல் ஒயரைக் கழற்றிய நேரத்தில், இரவல் வாங்கிய மல்டிமீட்டரை அதில் வைத்துப் பார்த்தோம். 12 வோல்ட் பேனல் வெயிலில் 18-க்கு மேல் காட்டணும். 20 காட்டியது. புழுதியும் நிழலும் போன பிறகு சார்ஜும் நன்றாகவே ஏறியது. பேனலில் குறையில்லை. நிறைந்த பேட்டரியை ஒரு ராத்திரி எதுவும் எரிக்காமல் வைத்தால், காலையில் வெயிலுக்கு முன் 12.6 அளவு நிற்கணும். அவர் பேட்டரி 12-ஐத் தாண்டவில்லை.

இவ்வளவும் செய்தபின் லைட்டு ஒன்பதரை வரை எரிந்தது, பதினோரு மணியைத் தொடவில்லை. ரொம்ப நாள் காய்ந்த பேட்டரி முழுசா மீளாது. புது பேனல் வாங்கியிருந்தால் நாலாயிரமும் வீணாகியிருக்கும், கடனும் நின்றிருக்கும். அக்கா மனுவைத் திரும்ப வாங்கி, "பேனல்" என்ற சொல்லை அடித்து "பேட்டரி" என்று எழுதிக் கொடுத்தார். கூட்டமைப்புக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கவும் அன்றே தீர்மானம் போட்டோம். சில நூறு ரூபாய்தான், எந்தக் குழுவுக்கு வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம்.